அடைக்கூடைக்குள் ஓர் இரும்பாணி

1988 கோடை லீவு. நாலாப்பு முடிந்து ஐந்தாப்புக்குக் காத்திருந்தேன். சாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்பத்தா ஒரு கருங்கோழியைப் பதின்மூன்று முட்டையோடு அடைக்கு வைத்திருந்தாள். பழைய ஓலைக்கூடை. அடியில் மணல், அதன்மேல் வைக்கோல். வைக்கோலுக்குள் மூன்று பொருட்கள் கிடந்தன: ஒரு துண்டு அடுப்புக்கரி, இரண்டு மிளகாய் வத்தல், கொல்லுப்பட்டறையில் அடித்த ஒரு கட்டை ஆணி. ஆணி எதுக்கு என்று கேட்டேன். "இடி இடிச்சா முட்டை கலங்கிப் போயிரும்டா. இரும்பு கெடந்தா இடி அண்டாது" என்றாள்.

அந்த ஆணியை நான் எடுத்தேன். பம்பரத்துக்கு. கடையில் வாங்கும் பம்பரத்தில் இருக்கும் ஆணி நாலு குத்துக்குத் தாங்காது என்பது அந்த வயதுப் பையன்கள் எல்லோருக்கும் தெரியும். கோழி ஒருநாள் காலையில் தீனிக்கு இறங்கிய நேரம் பார்த்து வைக்கோலுக்குள் கையை விட்டு உருவிக்கொண்டேன். நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் கோடைமழை. ஜன்னல் கம்பி அதிர்கிற மாதிரி இடி. இருபத்திரண்டாம் நாள் மூன்றே மூன்று குஞ்சுகள்தான் வெளியே வந்தன.

அப்பத்தா கூடையைக் கவிழ்த்து ஆணியைத் தேடினாள். "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். பம்பரம் டவுசர் பையில் இருந்தது.

இது சின்ன விஷயம் இல்லை. தீபாவளிக்குக் கோழி விற்று வரும் பணம் மட்டும்தான் அந்த வீட்டில் அவள் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாத பணம். சுருக்குப் பையில் இருந்து எங்களுக்கு வந்த சேவுக்கும் மிட்டாய்க்கும் அதுதான் முதல். அந்த வருடம் அது இல்லை. அப்பத்தா 1999-ல் போய்ச் சேர்ந்தாள். நான் கடைசிவரை சொல்லவில்லை.

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம், எங்கள் ஊருக்கு ஆறாயிரம் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் முன்னால் எழுதப்பட்ட ஒரு புத்தகத்தில் அந்த ஆணி திரும்பவும் என் கையில் அகப்பட்டதுதான்.

2020-ல் எல்லோரையும் போல லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டேன். அம்மா அப்போது ஒன்பது கோழிகள் வைத்திருந்தாள். எனக்குக் கை சும்மா இருக்காது. ஆன்லைனில் ஒரு தெர்மோகோல் இன்குபேட்டர் வாங்கினேன். அது ஒரு கதை, பிறகு சொல்கிறேன். வாங்குவதற்கு முன் வழக்கம்போல அளவுக்கு மீறிப் படித்தேன். அப்படிப் படித்ததில் ஒன்று கொலுமெல்லா. இப்போதைய ஸ்பெயினின் காதிஸ் ஊரில் பிறந்தவர், கி.பி. முதல் நூற்றாண்டு ரோமர். விவசாயத்தைப் பற்றி லத்தீனில் பன்னிரண்டு பாகங்கள் எழுதியிருக்கிறார். எட்டாவது பாகம் முழுக்கப் பண்ணைப் பறவைகளும் மீன்களும். அதில் அடை வைப்பது பற்றி ஒரு அத்தியாயம். ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அடைக்கூடு வைக்கோலுக்கு அடியில் கொஞ்சம் புல், லாரெல் மரத்துச் சிறு கிளைகள், வேறு சிலர் பூண்டும் இரும்பாணிகளும் வைக்கிறார்கள், இதெல்லாம் முட்டையைக் கெடுக்கும் இடிக்கு மாற்று என்று நம்புகிறார்கள் என்கிறார்.

அவர் காலத்தவரான மூத்த பிளினியும் இதையே சொல்கிறார். அடைகாக்கும்போது இடி இடித்தால் முட்டை கெடும், அதற்குப் பரிகாரம் வைக்கோலுக்கு அடியில் ஓர் இரும்பாணி, அல்லது ஏர்க்கொழுவில் ஒட்டிய மண். பருந்தின் குரல் கேட்டாலும் கெடும் என்று கூடுதலாக ஒன்று போடுகிறார். பிளினி 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். அதே பிளினிதான் முசிறித் துறைமுகத்தைப் பற்றி எழுதி, இந்தியா வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை உறிஞ்சிக்கொண்டு போகிறது என்று புலம்பியவர்.

இந்த இடத்தில் எனக்குள் இருக்கும் வாட்ஸப் வரலாற்றாசிரியர் விழித்துக்கொண்டார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். யவனர், முசிறி, அரிக்கமேடு, மிளகு, கூடவே கோழிக்கூடை ஆணியும் கப்பலேறியது! எழுதினால் ஆயிரம் ஷேர் போகும். ஆனால் அப்படிச் சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. இடியால் முட்டை கெடும் என்ற எண்ணம் கோழி வளர்த்த பல ஊர்களில் தனித்தனியாகவே தோன்றக்கூடியது. இரும்பு தீயதை விரட்டும் என்ற நம்பிக்கையும் உலகம் முழுக்க இருக்கிறது. நம்மூர்க் கூடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கரி, மிளகாய், இரும்பு. ராத்திரியில் கறிக்குழம்பு கொண்டுபோகும்போது தூக்குவாளியோடு வைத்து அனுப்புவது கரியும் இரும்பும்தான். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் வைப்பது இரும்பு. கண்ணேறு கழிப்பது மிளகாயில். ரோமானியக் கூட்டில் இருக்கும் லாரெலும் பூண்டும் இங்கே இல்லை. நம்முடையது நம் வீட்டுச் சாமான்தான். அடைக்கோழியைப் பிள்ளைத்தாய்ச்சியாகப் பார்த்து, அவளுக்குச் செய்கிற காபந்தையே இதற்கும் செய்திருக்கிறார்கள். எனக்கு இந்த விளக்கம் கப்பல் கதையை விடப் பிடித்திருக்கிறது.

சரி, கேள்விக்கு வருவோம். என் கேள்வி வரலாறு இல்லை. 1988-ல் அந்தப் பத்து முட்டைகளைக் கொன்றது நானா?

முதல் பதில் சுலபம். இடி முட்டையைக் கெடுப்பதில்லை. 1960-களில் ஒலியை மிஞ்சும் விமானங்கள் வரத் தொடங்கியபோது, அவற்றின் வெடிச்சத்தத்தால் குஞ்சு பொரிப்பது குறைகிறது என்ற புகார் அமெரிக்காவில் எழுந்து, முட்டைகளை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். பொரிப்பதில் பாதிப்பு தெரியவில்லை. இடியால் இல்லையென்றால் ஆணியாலும் இல்லை. நான் விடுதலை. கேஸ் முடிந்தது.

ஆனால் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. யூசர் ஒருவர் "மழை பெய்தால் உங்கள் சாஃப்ட்வேர் வேலை செய்வதில்லை" என்று புகார் கொடுத்தால், சிரித்துவிட்டு மூடக்கூடாது. மழைக்கும் சாஃப்ட்வேருக்கும் தொடர்பு இருக்காதுதான். ஆனால் அவர் பார்த்தது பொய்யாக இருக்காது. மழையோடு சேர்ந்து வேறு எதுவோ மாறுகிறது. கொலுமெல்லாவும் அப்பத்தாவும் புகார் கொடுத்த இரண்டு யூசர்கள். இருவரும் இடிக்காலத்தில் முட்டை கெட்டதைப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் இடிக்காலம் என்பது சித்திரை, வைகாசி. கத்திரி வெயிலும் கோடைமழையும் ஒன்றாக வருகிற காலம். வெயில் 38, 40 டிகிரி. கோழி முட்டையைப் பொறுத்தவரை இது மோசமான கணக்கு. இடும்போதே முட்டைக்குள் கரு பிரிந்து வளர ஆரம்பித்திருக்கும். வெளியே வந்து குளிர்ந்ததும் வளர்ச்சி நின்று தூங்கும். கோழி உட்கார்ந்து சூடு கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதனால்தான் பத்து நாள் இடைவெளியில் இட்ட முட்டைகளும் ஒரே நாளில் பொரிக்கின்றன. ஆனால் இந்தத் தூக்கத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. ஏறத்தாழ 20 முதல் 24 டிகிரிக்கு மேல் போனால் கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். முழு வளர்ச்சிக்கு வேண்டிய 37.5 டிகிரி ஒழுங்காகக் கிடைக்காது. பகலில் கொஞ்சம் வளரும், ராத்திரியில் நிற்கும், மறுபடி வளரும். இப்படி இரண்டு வாரம் இழுபட்ட கரு பலவீனப்பட்டு, அடை வைத்த முதல் சில நாட்களிலேயே செத்துவிடும்.

அதாவது முட்டை கெடுவது கூடைக்குள் போவதற்கு முன்னால்.

காட்டுக்கோழியும் நம்மூர் வெக்கையில்தானே முட்டையிடுகிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். நம் வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு ஐந்தாறு முட்டைதான் இடும். ஒரு வாரத்தில் இட்டு முடித்து உட்கார்ந்துவிடும். அதுவும் புதர் நிழலில், தரையில். நாம்தான் அதைப் பதினைந்து முட்டை இடும்படி ஆக்கி, அத்தனையையும் சேர்த்து வைத்து ஒரேயடியாக வைக்கிறோம்.

இந்த இடத்தில் அம்மாவிடம் போனேன். வீட்டுக்கு வந்த மருமகளாக அந்தக் கூடையை அப்பத்தாவோடு கவிழ்த்தவள் அவள். முப்பது வருடத்துக்கு முந்திய கோழிமுட்டையைப் பற்றி விசாரிக்கும் மகனைப் பார்த்து அவள் என்ன நினைத்தாளோ தெரியாது. ஆனால் எல்லாம் ஞாபகம் இருந்தது.

"அந்த வருசம் ஓடு மாத்துனோம்ல? சாமானெல்லாம் தகரக் கொட்டகையிலதான் கெடந்துச்சு. முட்டைப்பெட்டியும் அங்கதான்."

எத்தனை நாள் சேர்த்தது?

"ரெண்டு கோழி முட்டை. ஒண்ணு ஒழுங்கா இடாது. பங்குனிப் பொங்கலுக்கு முன்னாடியே சேக்க ஆரம்பிச்சாச்சு. இருவது நாளைக்குக் கொறையாது."

பொரிக்காத பத்தை உடைத்துப் பார்த்தீர்களா?

"எட்டுல ஒண்ணுமே இல்ல, கலங்குன தண்ணி. நாத்தம் கொடலப் புடுங்குச்சு. ரெண்டுல மட்டும் குஞ்சு முழுசா இருந்துச்சு, மூக்கு குத்தாம செத்துருச்சு."

இதைவிடத் துல்லியமான லாக் ஃபைல் எனக்குக் கிடைக்காது. இடி இடித்தது அடை வைத்துப் பதினைந்து நாள் போல. அன்றைக்கு உயிரோடு இருந்த கருவுக்கு அலகு இருக்கும், கால் நகம் இருக்கும், மேலே பூமயிர் இருக்கும். இடியில் செத்திருந்தால் உடைக்கும்போது குஞ்சு உருவம் தெரிந்திருக்க வேண்டும். எட்டு முட்டையில் அப்படி எதுவும் இல்லை. அவை முதல் வாரத்திலேயே செத்தவை, அல்லது கருவே பிடிக்காத கூமுட்டைகள். ஆணி அப்போது கூடைக்குள் பத்திரமாகத்தான் இருந்தது.

கூமுட்டை என்றதும் அம்மா இன்னொன்றும் சொன்னாள். சேவலைப் பங்குனிப் பொங்கலுக்கு அறுத்துவிட்டார்களாம். சேவலோடு சேர்ந்த கோழிக்கு அதற்குப் பிறகு இரண்டு வாரம் போலக் கருமுட்டை வரும். பிறகு குறைந்துகொண்டே போகும். ஆக, கடைசியாகச் சேர்த்த சில முட்டைகள் சேவலே இல்லாத காலத்தவையாக இருந்திருக்கலாம். அழுகிப்போன முட்டையில் இதையும் அதையும் பிரித்துச் சொல்ல முடியாது. எட்டில் எத்தனை தகரக் கொட்டகையின் கணக்கு, எத்தனை பொங்கலின் கணக்கு என்பது போனது போனதுதான். அந்த இரண்டு முழுக்குஞ்சுகளை மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. மழையன்று கோழி பயந்து வெகுநேரம் இறங்கி நின்றதா, கடைசி நாட்களில் ஈரப்பதம் போதவில்லையா. எதுவாகவும் இருக்கலாம்.

இப்போது கொலுமெல்லாவிடம் திரும்பலாம், ஏனென்றால் எனக்குப் பெரிய அதிர்ச்சி ஆணி இல்லை. ஆணி வரும் அதே அத்தியாயத்தில் அவர் சொல்கிறார்: அடை வைக்கப் புது முட்டைதான் நல்லது, பழையதை வைத்தாலும் பத்து நாளுக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடாது. இன்றைக்கு எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்வது ஏழு நாள், அதிகம் போனால் பத்து. நோயின் மருந்தை எழுதிய கையே, சில வரிகள் தள்ளி இடிக்கு ஆணியும் எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றவும் வழியில்லை. தெர்மாமீட்டர் வர இன்னும் ஆயிரத்து ஐந்நூறு வருடம் இருந்தது.

ரோமர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடை வைப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அவருக்கு முன்பே, எண்பதாவது வயதில் விவசாய நூல் எழுதிய வாரோ, முட்டையைத் தண்ணீரில் போட்டால் நல்லது அமிழும், காலியானது மிதக்கும் என்கிறார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் சொல்கிறார். நான் மொபைல் டார்ச்சில் செய்வது அதுதான். குலுக்கிப் பார்ப்பவர்களைத் திட்டுகிறார், உள்ளே இருக்கும் உயிர்நரம்புகள் குழம்பிவிடுமாம். கொலுமெல்லா முட்டை எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்கிறார். ஜனவரியில் 15, மார்ச்சில் 19, ஏப்ரலில் 21. அப்பத்தாவும் ஒற்றைப்படைதான், ஆனால் பதின்மூன்றைத் தாண்ட மாட்டாள். நம் கோழி சின்னது. ஒற்றைப்படையில் சாஸ்திரம் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தேன். நடுவில் ஒன்றும் சுற்றி மற்றதுமாக அடுக்கினால் வட்டம் சரியாக அமையும் என்பார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அம்மாவும் வட்டத்தைப் பற்றியெல்லாம் கவலைப்படுவதில்லை. கோழிதான் காலால் தள்ளித் தள்ளித் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்கிறதே.

அவருடைய மயில் முட்டைக் கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. மயில் முட்டை பொரிக்க முப்பது நாள், கோழி முட்டைக்கு இருபத்தொன்று. மயில் முட்டை ஐந்தும் கோழி முட்டை நாலும் ஒரு கோழிக்கு அடியில் வைக்கிறார்கள். பத்தாவது நாள் கோழி முட்டைகளை மட்டும் எடுத்துவிட்டு நாலு புது முட்டைகளை வைக்கிறார்கள். முப்பதாவது நாள் எல்லாம் ஒன்றாகப் பொரிக்கும். மயில் முட்டையைப் புரட்டக் கோழிக்கு வலு போதாது என்பதால் ஆள்தான் புரட்டிவிட வேண்டும். எதைப் புரட்டினோம் என்று குழம்பாமல் இருக்க முட்டையின் ஒரு பக்கத்தில் மையால் அடையாளம் போடச் சொல்கிறார். நான் என் இன்குபேட்டர் முட்டைகளில் ஒரு பக்கம் எக்ஸ், மறுபக்கம் ஓ என்று பென்சிலால் போட்டபோது நானே கண்டுபிடித்த யோசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவர்களுக்கெல்லாம் மூன்று நூற்றாண்டு முந்தியே அரிஸ்டாட்டில் அடைமுட்டைகளின் உள்ளே நடப்பதை நாள் கணக்கில் எழுதி வைத்துவிட்டார். மூன்று பகல் மூன்று இரவு கழிந்ததும் வெள்ளைக்கருவில் ஒரு ரத்தப்புள்ளி தெரியும், அது துடிக்கும், அதுதான் இதயம் என்கிறார். எட்டாவது நாள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது நாம் தேடும் சிலந்திவலை மாதிரியான ரத்தநாளங்கள் அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பியவைதான். செத்த கருவில் வலை இருக்காது, சிவப்பாக ஒரு வளையம் மட்டும் இருக்கும். 1988-ல் யாராவது எட்டாம் நாள் இப்படிப் பார்த்திருந்தால் விஷயம் அன்றைக்கே வெளிச்சத்துக்கு வந்திருக்கும். இடி இடிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது.

நம் பக்கம் சாத்திரக்காரர்களும் அடைக்கோழியை விடவில்லை. தீட்சை மூன்று வகை என்று சைவத்தில் விளக்கும்போது, பறவை தொட்டுப் பொரிக்கும், மீன் பார்த்துப் பொரிக்கும், ஆமை நினைத்துப் பொரிக்கும் என்பார்கள். குரு தொடுவது, பார்ப்பது, நினைப்பது. ஆமைக்கும் மீனுக்கும் இது எப்படிப் பொருந்துகிறதோ, பறவையின் பங்கில் பிசகே இல்லை. அடைக்கு வந்த கோழியின் நெஞ்சுப் பக்கம் இறகு உதிர்ந்து, தோல் நேராக முட்டையைத் தொடும்.

இன்குபேட்டர் கதையைச் சொல்கிறேன் என்றேன். நாற்பத்திரண்டு முட்டை. பதினெட்டாம் நாள் ராத்திரி எங்கள் ஊரில் கரண்ட் போய் ஐந்து மணி நேரம் வரவில்லை. பெட்டியைப் போர்வையால் சுற்றி, சுடுதண்ணீர் பாட்டில் வைத்து, விடியும்வரை முழித்திருந்தேன். பொரித்தது பதினொன்று. அதே வாரம் அம்மாவின் கோழி திண்ணைக்கு அடியில் பதினொரு முட்டையில் ஒன்பது பொரித்திருந்தது. அதற்கு கரண்ட் தேவைப்படவில்லை.

பெட்டிக்குள் சூட்டை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த பிறகுதான் எகிப்தியர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது. மண்செங்கல்லால் கட்டிய அடுப்பு வீடுகளில், மேல் அறையில் தீயும் கீழ் அறையில் முட்டையுமாக, ஆயிரக்கணக்கில் பொரித்தார்கள். கோழியின்றிப் பொரிக்கும் எகிப்திய வித்தையைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். தெர்மாமீட்டர் இல்லை. முட்டையைக் கண் இமையில் ஒற்றிப் பார்ப்பார்கள், வேலையாட்கள் உள்ளேயே படுத்துக்கொள்வார்கள். பிரெஞ்சு விஞ்ஞானி ரியோமூர் இதைக் காப்பியடிக்கப் பாரிஸில் குதிரைச்சாணக் குவியல்களை வைத்துப் பல வருடம் போராடி, 1749-ல் புத்தகம் போட்டார். எகிப்து பிரமிடுகளை விட இந்த அடுப்புகளுக்குத்தான் பெருமைப்பட வேண்டும் என்று அவர் கருதினார். கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் 1879-ல் லைமன் பைஸ் உருவாக்கிய இன்குபேட்டர் அந்த ஊரையே முட்டை ஊராக்கியது. அதற்குப் பிறகு நடந்தது தெரிந்ததே.

நாமக்கல்லில் கூண்டில் இருக்கும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழி வருடத்துக்கு 300 முட்டை இடும், அடைக்கு உட்காராது. நம் நாட்டுக்கோழி 60, 80 இடும், ஒவ்வொரு ஈட்டுக்கும் உட்காரும். இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம். அடைக்கு வந்துவிட்டால் கோழியின் ரத்தத்தில் புரொலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும், முட்டைப்பை சுருங்கும், முட்டை நிற்கும். அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடிலின் குழு இந்த ஹார்மோனைக் கோழிக்கு ஊசியாகப் போட்டு, அடைக்கு வரவைத்துக் காட்டியது 1935-ல். குஞ்சோடு திரியும் காலமும் சேர்த்தால் மூன்று மாதம் போலப் போய்விடும். முட்டை வியாபாரிக்கு அது நஷ்டம். பெட்டி பொரித்துத் தரும் காலம் வந்ததும் அடைக்கு வரும் கோழிகளைக் கழித்துக் கழித்து அந்தக் குணத்தையே கிட்டத்தட்ட எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் இது சாத்தியமே இல்லை. உட்காரத் தெரியாத கோழியின் முட்டையைப் பொரிக்க உட்காரத் தெரிந்த இன்னொரு கோழி வேண்டும். எகிப்தின் ஃபயூமிக் கோழி அடைக்கு அரிதாகவே உட்காரும் என்பதையும், பல நூற்றாண்டு ஓடிய அந்த அடுப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஊகம்தான்.

நம்மூரிலும் அடையைக் கலைப்பது உண்டு. முட்டை விற்கிற காலத்தில் கோழி உட்கார்ந்தால் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், மூக்கில் இறகைக் குத்திவிடுவார்கள். பாவமாக இருக்கும். ஆனால் அடுத்த ஈட்டுக்கு அதே கோழி மறுபடி உட்காரும். கலைத்தார்களே தவிர, குணத்தைக் கழிக்கவில்லை. அப்பத்தாவின் கருங்கோழி வழி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். டிஎன்ஏ எல்லாம் பார்க்கவில்லை, ஆனால் பக்கத்தில் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கெர்ர்ர் என்று சீறி மணிக்கட்டைக் கொத்துவதில் சந்தேகமே இல்லை.

இந்தச் சித்திரையில் அதில் ஒன்று அடைக்கு வந்தது. முட்டைகளை நான் சேர்த்தேன். ஈர மணல் போட்ட மண்பானையின் மேல் இன்னொரு சட்டியை வைத்து அதற்குள், அடுப்படிக்கு எதிர்மூலையில். சின்ன தெர்மாமீட்டர் ஒன்றும் உள்ளே போட்டேன், பகலில் 27, 28-க்கு மேல் ஏறவில்லை. சிறந்த அளவு இல்லை, ஆனால் வெளியே 39. ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி. ஏழு நாளுக்கு மேற்பட்டதை ஆம்லெட்டுக்கு அனுப்பியாயிற்று. சேவல் உயிரோடு இருந்தது.

வைக்கிற அன்றைக்கு அம்மா கரியும் மிளகாயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆணியைத் தேடினாள். அப்போதுதான் சொன்னேன், அந்த ஆணியை எடுத்தது எலி இல்லை, நான் என்று. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒங்க அப்பத்தாவுக்குத் தெரியும்டா. பம்பரத்துல இருந்தத நான்தான் காமிச்சேன். பையன் பயந்துருவான், எலின்னு சொல்லிக்குவோம்னு சொல்லிருச்சு."

மறுநாள் சாத்தூர் பஜாரில் ஒரு ஆணி வாங்கிவந்து வைக்கோலுக்குள் வைத்தேன். பதினோராம் நாள் நல்ல இடி. பதினொன்றில் பத்து பொரித்தது. ஆணியும் இருந்தது, பானையும் இருந்தது, அதனால் இது சோதனையாகாது. அடுத்த ஈட்டுக்கு ஆணி இல்லாமல் வைத்துப் பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வேற கோழிய வச்சுப் பாரு" என்றாள்.